மூங்கில் பாடும் ஆலயம்

(வானொலியில் ஒலித்த மறையுரைச் சிந்தனை)



பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலா நமக்கு முன்பின் தெரியாத ஊர் அன்று. வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி அந்த மாநகரப் பகுதியிலிருந்துதான் பல ஆண்டுகள் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. சிற்றலை வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பித் திருப்பி அந்தக் குரலைத் தேடிப் பிடித்த பெரியவர்கள் நம் பங்குகளில் இன்றும் இருக்கிறார்கள்.

அதே மணிலாவின் தெற்கே லாஸ் பினாஸ் என்றோர் ஊர். அங்கே புனித சூசையப்பருக்கு நேர்ந்தளிக்கப்பட்ட ஒரு பழைய கல் ஆலயம். அந்த ஆலயத்தின் மாடத்தில் உலகம் வியக்கும் ஓர் இசைக்கருவி இருக்கிறது. அதன் பெயர் மூங்கில் ஆர்கன். மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 குழல்கள் மூங்கில். மீதி 129 மட்டும் உலோகம். அதைச் செய்தவர் பெரிய தொழிற்சாலைக்காரர் அல்லர். அந்த ஊரின் பங்குத்தந்தை.

தச்சரான சூசையப்பரின் ஆலயத்தில், மரவேலையும் மூங்கில் வேலையும் சேர்ந்து இருநூறு ஆண்டுகளாக இறைவனைப் புகழ்ந்து கொண்டிருக்கின்றன. அந்தக் கருவி எப்படி உருவானது, எப்படி அழியப் போனது, யார் அதைக் காத்தார்கள் என்பதை இன்று பார்ப்போம். அதில் நம் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

காற்றால் வாழும் கருவி

முதலில், பைப் ஆர்கன் என்றால் என்ன என்று தெளிவாக்கிக் கொள்வோம். நம் ஆலயங்களில் நாம் பழகியது ஹார்மோனியம், இப்போது கீபோர்டு. கீபோர்டில் ஒலியை மின்சாரம் தருகிறது. ஹார்மோனியத்தில் துருத்தியின் காற்று பித்தளை ரீடுகளை அதிரச் செய்கிறது. பைப் ஆர்கனிலும் துருத்தி உண்டு, கட்டைகள் உண்டு. ஆனால் பாடுவது குழல்கள்.

இதை ஒரு மனித உடம்பாக நினைத்துப் பாருங்கள். துருத்திதான் நுரையீரல். அதிலிருந்து வரும் காற்று ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் அடைபட்டுக் காத்திருக்கும். அது நெஞ்சுக்கூடு. அந்தப் பெட்டியின் மேல் குழல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை தொண்டைகள். வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தினால், பெட்டிக்குள் ஒரு சிறு கதவு திறக்கிறது. காற்று அதற்குரிய குழலுக்குள் பாய்கிறது, குழல் பாடுகிறது. விரலை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும், பாட்டு நின்றுவிடும்.

நம் புல்லாங்குழலில் ஒரே மூங்கிலில் துளைகளை மூடித் திறந்து பல சுரங்களை எழுப்புகிறோம். ஆர்கனில் அப்படி இல்லை. ஒரு குழலுக்கு ஒரே ஒரு சுரம். நீளமான குழல் கனத்த குரலில் பாடும். குட்டையான குழல் மெல்லிய, உயர்ந்த குரலில் பாடும். ஒரு குழலின் நீளத்தைப் பாதியாக்கினால், அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அதனால்தான் ஆளுயரத்தை விட நெடிய குழல்களும், விரல் நீளக் குழல்களும் ஒரே கருவியில் அருகருகே நிற்கின்றன.

குழல்களிலும் இரண்டு வகை. ஒரு வகை, விசில் போன்றது: காற்று ஒரு கூரிய விளிம்பில் மோதி ஒலி எழுப்பும். இன்னொரு வகையில், அடியில் ஒரு பித்தளை நாக்கு அதிரும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி செய்யும் வேலையை இங்கே அந்த நாக்கு செய்கிறது. எக்காளம் போல முழங்கும் குழல்கள் இந்த இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்சாரம் வருவதற்கு முன்பு ஆலய ஆர்கனுக்குப் பொதுவாகக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசிப்பவர், இன்னொருவர் துருத்தியை இயக்குபவர். மக்கள் முதலாமவரைத்தான் அறிவார்கள். இரண்டாமவர் கருவியின் பின்னால், வியர்வையோடு, யார் கண்ணிலும் படாமல் நிற்பார். அவர் கை ஓய்ந்தால் எவ்வளவு பெரிய இசை மேதையும் வெறும் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூங்கிலைத் தேடிய பங்குத்தந்தை

ஸ்பெயின் நாட்டில் 1762ஆம் ஆண்டு பிறந்தவர் தியேகோ செரா. அகுஸ்தினார் ரெக்கொலெக்ட் சபைத் துறவியாகி, மறைப்பணிக்காகப் பிலிப்பைன்ஸ் சென்றார். 1795ஆம் ஆண்டு லாஸ் பினாஸ் பங்கின் பொறுப்பு அவரிடம் வந்தது. உப்பளங்களும் மீன்பிடித் தொழிலும் கொண்ட கடலோரச் சிற்றூர் அது. அங்கே அவர் எரிமலைக் கல்லால் ஓர் ஆலயம் எழுப்பத் தொடங்கினார். 1797இல் ஆரம்பித்த அந்தப் பணி 1819இல்தான் நிறைவடைந்தது.

ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, அதற்கு ஓர் ஆர்கன் வேண்டும் என்று அருள்தந்தை செரா நினைத்தார். ஆர்கன் வேலை அவருக்குப் புதிது அல்ல. ஸ்பெயின் நாட்டு ஆர்கன்களின் அமைப்பை அவர் நன்றாக அறிந்திருந்தார். ஆனால் ஐரோப்பாவில் குழல்களை எதனால் செய்வார்கள்? வெள்ளீயத்தையும் ஈயத்தையும் உருக்கித் தகடாக வார்த்து, அதை வேண்டிய அளவுக்கு உருட்டிப் பற்றவைப்பார்கள். சில குழல்களை மரப்பலகையால் செய்வார்கள். கடல் கடந்து வந்த ஒரு மீனவர் பங்கில் அவ்வளவு உலோகத்துக்கு எங்கே போவது? ஆலயத்தைச் சுற்றிலும் கிடைத்தது மூங்கில்தான்.

மூங்கில் தானாகவே ஒரு குழல்தானே, வேலை சுலபம் என்று தோன்றும். உண்மை வேறு. உலோகத் தகட்டை எந்த அகலத்துக்கும் உருட்டலாம். மூங்கிலை உருட்ட முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஏற்ற அகலமுள்ள மூங்கிலைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரே கழியிலும் அடி பருத்திருக்கும், நுனி சிறுத்திருக்கும். உள்ளே கணுவுக்குக் கணு தடுப்பு இருக்கும். அதைத் துளைத்து வழவழப்பாக்க வேண்டும். சிறிது கோணினாலும், மயிரிழை அளவு வெடித்தாலும் குரல் கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடி வண்டு வரும். துளைத்துத் துளைத்துப் பொடியாக்கிவிடும்.

ஒரு முழு ஆர்கனை மூங்கிலால் செய்வது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர அப்போது எந்த ஆசானும் இல்லை. பார்த்துப் பின்பற்ற முன்மாதிரியும் இல்லை. மூங்கிலிடமிருந்தே அவர் மூங்கில் வேலையைக் கற்க வேண்டியிருந்தது.

மணலுக்குள் ஒரு காத்திருப்பு

1816ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. வெட்டிய மூங்கில்களை அவர் உடனே அறுக்கவில்லை. கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். ஏறத்தாழ ஓராண்டு அவை மண்ணுக்குள்ளேயே கிடந்தன என்று லாஸ் பினாஸ் மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். உப்பு ஊறிய மணல் வண்டுகளை அண்டவிடாமல் செய்யும் என்பது அந்த முறையின் நோக்கம். வண்டு அரிக்காமல், உளுக்காமல் தப்பி வந்த மூங்கில்கள் மட்டுமே குழலாகும் தகுதி பெற்றன.

புதைத்தவருக்கு அந்த ஓராண்டு எப்படிப் போயிருக்கும்? காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லை. "சாமி, ஆர்கன் எங்கே?" என்று யாராவது கேட்டால், "மணலுக்கடியில் இருக்கிறது" என்பதுதான் பதில். ஆனால் இன்று 902 மூங்கில் குழல்கள் பாடுகின்றன என்றால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் காத்திருப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மண்ணில் விழும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நினைத்துக்கொள்வோம்.

பிறகு அறுப்பதும் துளைப்பதும் வாய் வெட்டுவதும் சுரம் சேர்ப்பதுமாக ஆண்டுகள் ஓடின. பெரிய பேராலயங்களின் ஆர்கன்களோடு ஒப்பிட்டால் இது சிறியது. உயரம் 5 மீட்டருக்குச் சற்று மேல். கட்டை வரிசையும் ஒன்றே ஒன்று. ஆனால் ஸ்பெயின் நாட்டு மரபைப் பின்பற்றி, அந்த ஒரே வரிசையை இரண்டாகப் பிரித்தார் செரா. இடக்கைப் பகுதிக்கு ஒரு குரலும், வலக்கைப் பகுதிக்கு வேறொரு குரலும் தேர்ந்துகொள்ளலாம். ஒரு வரிசையே இரண்டு வரிசையின் வேலையைச் செய்யும். பறவைகள் கீச்சிடுவது போன்ற ஒலிக்கும் இடம் வைத்தார்: சிறு குழல்களின் நுனி தண்ணீரில் அமிழ்ந்திருக்க, காற்று குமிழியிடும்போது குருவி கத்துவது போலக் கேட்கும். ஆலயத்துக்கு வரும் குழந்தைகளும் மகிழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ!

மூங்கில் மறுத்த இடம்

1821ஆம் ஆண்டு ஆர்கன் ஏறக்குறைய முடிந்தது. முகப்பில் நீட்டிக்கொண்டு மக்களை நோக்கிக் கிடைமட்டமாக நிற்கும் எக்காளக் குழல்கள் மட்டும் பாக்கி. ஸ்பெயின் ஆர்கன்களின் தனி அழகே அந்த எக்காளங்கள்தான். பித்தளை நாக்கு அதிரும் இரண்டாம் வகைக் குழல்கள் என்று முன்பு சொன்னோமே, அவை இவையே.

இங்கேதான் மூங்கில் கைவிட்டது. அவர் எதிர்பார்த்த கம்பீரமான முழக்கம் அதிலிருந்து வரவில்லை. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு, முழுவதும் மூங்கிலால் ஆன ஆர்கன் என்ற பெருமை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்பவர்கள் எளிய மக்கள். யாரும் குறை சொல்லப் போவதில்லை. அப்படியே மூங்கிலால் முடித்திருக்கலாம். அருள்தந்தை செரா அப்படிச் செய்யவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1824இல், எக்காளங்களை உலோகத்தால் செய்து ஆர்கனை நிறைவு செய்தார். தொடங்கியதிலிருந்து எட்டு ஆண்டுகள்.

இந்த 129 உலோகக் குழல்களை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பணம் இல்லாத பங்கு என்பதால் அவர் மூங்கிலை எடுத்தார். ஆனால், "ஏழைப் பங்குக்கு இது போதும்" என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. கிடைத்ததை வைத்துச் செய்வது வேறு. கிடைத்தபடிக்குச் செய்துவிட்டுப் போவது வேறு. மூங்கில் நன்றாகப் பாடும் இடத்தில் மூங்கில். பாடாத இடத்தில், எவ்வளவு சிரமமானாலும், பாடுகிற பொருள்.

தாவீது அரசர் அரவுனாவின் களத்தில் பலிபீடம் கட்டப் போனபோது, அரவுனா எல்லாவற்றையும் இலவசமாகவே தருவதாகச் சொன்னார். தாவீது ஏற்கவில்லை. தனக்கு எந்தச் செலவும் வைக்காத ஒன்றைக் கடவுளுக்குக் கொடுக்க மனமில்லாமல் விலை கொடுத்தே வாங்கினார். மூங்கிலுக்கு விலை குறைவு. ஆனால் செரா எட்டு ஆண்டுகளை விலையாகக் கொடுத்தார். காணிக்கையின் எடையைக் கடவுள் அந்தத் தராசில்தான் பார்க்கிறார்.

குரலிழந்த ஆண்டுகள்

உடல்நலம் குன்றியதால் 1830ஆம் ஆண்டு அருள்தந்தை செரா பங்கை விட்டுச் சென்றார். 1832இல் மணிலாவில் இறைவனடி சேர்ந்தார். செய்தவர் போனார், கருவி நின்றது.

ஆனால் பிலிப்பைன்ஸ் நிலநடுக்கமும் சூறாவளியும் ஓயாத நாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலயத்தின் கூரை சேதமுற்றது. ஆர்கன் மழையில் நனைந்தது. மிஞ்சிய குழல்கள் அகற்றி வைக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் அது பாடவில்லை. பாடாத கருவி மெல்ல மெல்ல வெறும் சாமானாகிவிடும். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை மறைந்ததும் அது என்ன என்று சொல்லவும் ஆள் இருக்காது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த பெல்ஜியம் நாட்டு மறைப்பணியாளர்கள் அதன் அருமையை உணர்ந்தார்கள். முடிந்த அளவு பழுதுபார்த்து மீண்டும் ஓரளவு ஒலிக்கச் செய்தார்கள். முழுமையான சீரமைப்புக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1973ஆம் ஆண்டு ஆர்கன் பிரிக்கப்பட்டு, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் என்ற புகழ்பெற்ற ஆர்கன் நிறுவனத்துக்குக் கப்பலேறியது.

அங்கே ஒரு புதிய சிக்கல். வெப்பமும் ஈரமும் நிறைந்த கடலோரக் காற்றில் வாழ்ந்த மூங்கில், ஐரோப்பாவின் குளிர்ந்த, வறண்ட காற்றில் வெடித்துவிடும். அதனால் ஜெர்மானியக் கைவினைஞர்கள் ஓர் அறையைத் தனியாக ஒதுக்கி, பிலிப்பைன்சின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அங்கே உருவாக்கி, அந்த அறைக்குள் வைத்தே வேலை செய்தார்கள். தங்கள் ஊர்ப் பருவத்துக்கு மூங்கிலைப் பணியவைக்கவில்லை. மூங்கிலின் பருவத்துக்குள் தாங்கள் நுழைந்து வேலை பார்த்தார்கள். பிறருக்குப் பணி செய்யப் போகும் எவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

அதே காலத்தில் லாஸ் பினாசில் ஆலயமும் பழைய வடிவம் கெடாமல் புதுப்பிக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஆர்கன் ஊர் திரும்பியது. மே 9ஆம் நாள், ஜெர்மனியின் டிரியர் பேராலய ஆர்கன் கலைஞர் வொல்ஃப்காங் ஓம்ஸ் அதை வாசிக்க, மூங்கில் மீண்டும் பாடியது. 1976 முதல் அதற்கென்றே ஓர் இசை விழா ஆண்டுதோறும் அந்த ஆலயத்தில் நடந்து வருகிறது. 2003ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் அரசு அதை நாட்டின் பண்பாட்டுக் கருவூலமாக அறிவித்தது.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பழுதுபார்க்க ஒவ்வொரு முறையும் கடல் கடக்க முடியாது என்பதை உணர்ந்து, உள்ளூர் இளைஞர்கள் ஐரோப்பாவில் இந்தத் தொழிலைக் கற்று வந்தார்கள். இன்று லாஸ் பினாசிலேயே தியேகோ செராவின் பெயர் தாங்கிய ஆர்கன் பட்டறை இயங்குகிறது. ஆசான் இல்லாமல் ஒருவர் தொடங்கிய வேலைக்கு, இப்போது அதே ஊரில் ஆசான்களும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

நம் பங்கின் மூங்கில் எது?

1963ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, இலத்தீன் திருச்சபையில் பைப் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறது. அதே பகுதியில், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றதாகவும் மக்களின் பக்தியை வளர்ப்பதாகவும் இருந்தால், உரிய அதிகாரிகளின் இசைவோடு மற்றக் கருவிகளையும் பயன்படுத்தலாம் என்றும் வழிவிடுகிறது. ஆகவே ஆர்கன் இல்லையே என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. நம் ஹார்மோனியமும் தபேலாவும் வயலினும் புல்லாங்குழலும் கடவுளின் புகழுக்குப் போதுமானவை. கேள்வி, அவற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான்.

துருத்தி கிழிந்த ஹார்மோனியம் பூசை அறையின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறதா? பாடகர் குழு திருப்பலிக்கு ஐந்து நிமிடம் முன்பு கூடி, "தெரிந்த பாட்டையே பாடிவிடலாம்" என்று முடித்துக்கொள்கிறதா? கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடும் என்பதற்காக, வாசிக்கக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் நம் பிள்ளைகளிடம் குறைந்துவிட்டதா? இவை பணக் குறையால் வந்தவை அல்ல. மூங்கிலைப் புதைத்துக் காத்திருக்க நமக்குப் பொறுமை இல்லாததால் வந்தவை.

இது இசைக்கு மட்டும் உரியதா? மறைக்கல்வி ஆசிரியர் கதைக்காக ஓர் இரவு உட்கார்ந்து தயாரிப்பதும், பீடத்துணியைச் சுருக்கமில்லாமல் தேய்த்து விரிப்பதும், வாசகம் வாசிப்பவர் வீட்டிலேயே இரண்டு முறை உரக்க வாசித்துப் பார்த்து வருவதும் இதே வரிசையைச் சேர்ந்தவைதான். பெசலேல் என்ற கைவினைஞரைக் கடவுள் தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. போதிக்கும் நாவுக்கு மட்டுமல்ல, உளி பிடிக்கும் கைக்கும் ஆவியானவர் வருகிறார்.

அன்புக்குரியவர்களே, ஆயிரத்து முப்பத்தொரு குழல்களும் வேறு வேறு நீளம். ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு இல்லை. ஆனால் அவற்றுக்குள் செல்லும் காற்று ஒன்றே. ஆவியானவரின் கொடைகள் பல, ஆவியானவர் ஒருவரே என்று புனித பவுல் கொரிந்து மக்களுக்கு விளக்கியதை இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது? நம்முள் சிலர் முகப்பில் நிற்கும் எக்காளம். சிலர் உள்வரிசையில் நிற்கும் விரல் நீளக் குழல். சிலர் பின்னால் நின்று துருத்தி இயக்குகிறவர்கள். ஒருவர் குறைந்தாலும் பாட்டில் ஓர் இடம் ஊமையாகிவிடும்.

இந்த வாரம் நம் பங்கில் ஒரு சிறு காரியம் செய்வோம். பழுதாகிக் கிடக்கும் ஒரு பொருளை, அது ஹார்மோனியமோ, மணியோ, பாட்டுப் புத்தகமோ, எடுத்துச் சரிசெய்வோம். கற்றுக்கொள்ள விரும்பும் ஒரு பிள்ளையை, கற்றுத்தர வல்ல ஒரு பெரியவரோடு சேர்த்துவைப்போம். யார் கண்ணிலும் படாமல் துருத்தி இயக்கும் ஒருவரைத் தேடிப்போய் நன்றி சொல்வோம்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் ஊரில் விளைந்ததையும் எங்கள் கையில் இருப்பதையும் உமக்குக் காணிக்கையாக்க எங்களுக்குக் கற்றுத் தாரும். அவசரத்திலிருந்து எங்களைக் காத்தருளும். உம் ஆவியின் காற்றை எங்களுக்குள் அனுப்பும். எங்களில் யாரும் ஊமைக் குழலாய் நின்றுவிடாதிருக்க அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.